கீழே ஒரு மெல்லிய கோடு

அக்கா வீட்டுக்காரரை ஆய்வுக்கூடத்தில் 'இன்னொருதடவை' என்றுதான் கூப்பிடுவார்கள். புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுப்பது அவர் வேலை; இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். அதே கட்டடத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவன் நான். அத்தான் கைக்குப் போன புரதம் லேசில் திரும்பி வராது. "இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கு, இன்னொரு தடவை ஓட்டிடலாம்" என்பார். வீட்டிலும் அதே கதைதான். "இவர் துவைச்சா அழுக்கு போறதுக்கு முன்னாடி சட்டையே போயிடும்டா" என்று அக்கா என்னிடம் புலம்புவாள்.

எல்லாவற்றுக்கும் ஒரே சுத்தம் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியாததா? முயலுக்கு ஊசி போட்டு ஆன்டிபாடி எடுக்க நூற்றுக்கு எண்பது பங்கு சுத்தம் இருந்தாலே பெரும்பாலும் போதும். நொதியின் வேகத்தை அளக்க எண்பத்தைந்து, தொண்ணூறு. கூட ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு அதே வேலையைச் செய்யாமலிருந்தால் சரி. படிகமாக வளர்க்கத்தான் தொண்ணூற்றைந்துக்கு மேல் கேட்பார்கள். புரதத்தோடு வரும் சீட்டில் 'எதற்கு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை அத்தான் படித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு, இன்றும்.

போன வருடம் மூன்றாவது மாடி ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு நொதியைக் கொண்டுவந்தாள். அவளுடையது ஒப்பந்த வேலை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் வேகத்தை அளந்து காட்டினால் இரண்டு வருடம் நீட்டிப்பு, இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏழு மாதம் செல்களை வளர்த்து அவள் சேர்த்தது மொத்தமும் ஒரு சின்னக் குப்பி.

திங்கட்கிழமையே தொண்ணூறு வந்துவிட்டது. சுத்தத்தைச் சோதிக்கும் ஜெல்லில் அவள் நொதி ஒரு தடித்த பட்டை, அதற்குக் கீழே அழுக்கு ஒரு மெல்லிய கோடு. அப்போதே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். அந்தக் கோடு அவர் கண்ணை உறுத்தியது. செவ்வாய் மறுபடி வடிகட்டும் குழாயில் ஓட்டினார்; புதனும் ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் பாதிப் புரதம் வடிகுழாயோடு போய்விடும். ஓரத்துக் குப்பிகளில் இறங்கிய, அழுக்கு கலந்த மிச்சத்தையாவது வைத்திருக்கலாம். அதையும் கொட்டிக் கழுவிவிட்டார். வியாழக்கிழமை ஜெல்லில் ஒரே ஒரு பட்டை, அவ்வளவு சுத்தம். ஆனால் அவள் அளந்தபோது நொதி அசையவே இல்லை. நீர்த்துப்போய்ச் செத்திருந்தது.

"எண்பத்தஞ்சு போதும்னு சீட்டுல எழுதியிருந்தேனே, அண்ணே."

"கீழ ஒரு கோடு இருந்துச்சும்மா."

"இருந்துட்டுப் போகட்டுமே."

அவள் கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு படியிறங்கினாள். அத்தான் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். அவரை நாலு அறை விடலாம் போலிருந்தது எனக்கு; பாவமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் இயக்குநர் அந்த ஒற்றைப் பட்டை ஜெல்லின் படத்தைப் பெரிதாக்கி நடைக்கூடத்தில் மாட்டினார், புதிதாக வருபவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. அத்தான் நாலு நாள் தலையைக் குனிந்தபடி அதைக் கடந்து போனார். ஐந்தாம் நாள் இயக்குநர் அறைக்குப் போய் நின்றார்.

"சார், அந்தப் படத்தைக் கழட்டிடுங்க."

"இதுல என்னங்க கூச்சம்?" இயக்குநர் சிரித்தார். "இதைவிடச் சுத்தமா இன்னொண்ணு கொண்டு வாங்க, கழட்டிடலாம்."