எட்டாவது கட்டம் என்னுடையது

பாரோயில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்று காலை ஒரு பென்சிலுக்காக இழுப்பறைகளையெல்லாம் கவிழ்த்துவிட்டேன். மகள் திவ்யாவின் பல்கலைக்கழக விண்ணப்பப் பாரத்துக்கு இன்று கடைசி நாள். அவளோ ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "பென்சில் எதுக்கும்மா? எல்லாம் ஆன்லைன் லா," என்கிறாள். மீன் வளர்ப்பிலிருந்து விமானம் வரை நீளும் பட்டியலை, பசாரில் கீரை பார்ப்பதுபோல் விரலால் தள்ளிவிடுகிறாள். யாரைக் கேட்டாய் என்றேன். "என் பாரம்தானே, யாரைக் கேக்கணும்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பென்சில் கிடைத்தது. சும்மா சீவினேன். அந்த மரத்தூள் வாசனை என்னைக் கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு மேசை முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. அப்போதெல்லாம் காகிதப் பாரம். எட்டுப் படிப்புகள் கேட்கலாம், எட்டுக் கட்டங்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நிலவியல். பள்ளிக்கூட பஸ் மலைப்பாதையில் வளையும்போது, வெட்டிய மண்சுவர் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கடுக்காகத் தெரியும். அது ஏன் அப்படி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அப்பா பால்மரம் வெட்டுபவர். மாரியம்மன் திருவிழாவுக்கு உபயம் பிரிப்பவரும் அவர்தான். முதல் நாள் உபயம் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிக்கு, இரண்டாம் நாள் வேலை வாங்கும் மண்டோருக்கு, அப்புறம் லோரிக்காரருக்கு என்று யார் மனமும் கோணாமல் பிரித்துக் கொடுப்பார். மனுஷன் என் பாரத்தையும் அப்படியே பிரித்தார்! நம்புவீர்களோ மாட்டீர்களோ.

"டவுனுக்குப் போய் பாரம் வாங்கியாந்தது கிராணி ஐயா. எனக்கு லீவு குடுத்தது மண்டோரு. அவங்கள விட்டுட்டு நாமளே போட்டா நல்லாவா இருக்கும்?"

"படிக்கப்போறது நான்தானேப்பா!"

"உனக்கும் ஒண்ணு இருக்குல்ல. கடைசி."

கிராணி யாழ்ப்பாணத்தார். கண்ணாடியைத் துடைத்தபடி, "பிள்ளை சட்டம் படிக்கட்டும்," என்றார். மண்டோர் விவசாயம் கேட்டார். நான் மேனேஜராகத் திரும்பிவந்து துரை பங்களாவில் உட்காருவேனாம். லோரிக்காரருக்கு இயந்திரப் பொறியியல்தான் வேண்டும். அவருடைய லோரி அந்த மாதத்தில் மூன்று முறை நடுவழியில் நின்றிருந்தது. மருந்து கொடுக்கும் டிரெஸர், கடைக்காரர், பூசாரி என்று ஆளுக்கொன்றாக ஆறு கட்டங்கள் போயின. ஏழாவது, புல்வெட்டும் பெண்களுக்கு. பாக்கியம் அக்கா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கு என்னாண்ணே தெரியும்? வெயில் படாத படிப்பா ஒண்ணு போடுங்க," என்றார். அப்பா பட்டியலை மேலும் கீழும் துழாவி நூலகவியலைக் கண்டுபிடித்தார்.

பென்சில் எழுத்துதானே, இரகசியமாக அழித்து மாற்றியிருக்கலாமே என்பீர்கள். வீட்டிலிருந்த ஒரே அழிரப்பரை அப்பா கைலி மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார், ஐயா!

ஏழாவதுதான் கிடைத்தது. புல்வெட்டும் பெண்கள் ஒரு சட்டி பாயசத்தோடு வாசலில் வந்து நின்று, "எங்க உபயம்தான் செயிச்சிச்சு!" என்று ஒரே ஆட்டம். நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். பாயசம் ஆறிப்போனது. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் ஏர்கோன் குளிரில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நிலவியல் புத்தகங்களை அடுத்தவர் படிக்க அடுக்கிக் கொடுத்தேன். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டது அதுவா? கோபம் இன்னும் ஆறவில்லை.

"சரி, மூஞ்சியத் தூக்காதீங்க. கடைசி ஒண்ணு நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் திவ்யா.

நிலவியல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வெயில் படாததா ஒண்ணு போடு" என்று வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "இது யாரு சொல்லிக் குடுத்தது?"

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டலாம் என்றால் லயம் இல்லை. அந்த இடத்தில் இப்போது தாமான் குடியிருப்பு வீடுகள், கார் நிறுத்தக் கூரைகள். கிராணி இல்லை, மண்டோர் இல்லை, அப்பாவும் போய்விட்டார். பாக்கியம் அக்கா இருந்திருந்தால், திவ்யாவோடு சண்டை போட்டாவது ஒரு கட்டம் வாங்கிக் கொடுத்திருப்பேன்.