டேங்க்கில் ஏறிய தனக்கொடி

தனக்கொடிக்கு வாய் அதிகம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளையே கேட்டாலும் சொல்வாள். வில்லியனூர்ப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வயதில் பாகூர் ஏரிக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊருக்கு வாழ வந்தவள். இப்போது ஐம்பத்திரண்டு ஆகிறது. புருஷன் சிங்காரவேலு ஊர்க் குடிநீர் டேங்க்கின் ஆப்பரேட்டர். ஒரே மகள் மஞ்சுளா நர்ஸ் வேலை பார்க்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சிங்காரவேலு டேங்க் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது. பிளேட் வைத்து, கட்டுப் பிரித்து, அவர் எழுந்து நடக்க ஆறு மாதம் ஆனது. மாற்றாளுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். ஆள் வரும்வரை ஊர் தண்ணீர் குடிக்க வேண்டுமே. தனக்கொடி கணவனின் நீளமான வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கிளம்பினாள்.

போன முதல் வாரமே ஒன்றைக் கவனித்தாள். டேங்க்குக்குப் பக்கத்திலிருக்கும் தெருக்களுக்கு முதலில் திறந்துவிட்டால், அங்கே தொட்டி, அண்டா, செம்பருத்திச் செடி எல்லாம் நிறைந்த பிறகு, கடைசித் தெருவுக்கு நூல் மாதிரி ஒழுகியது. வரிசையைத் திருப்பிப் போட்டாள். முதலில் கடைசித் தெரு, அப்புறம்தான் முன் தெருக்கள். முன் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வாய்ச் சண்டையில் தனக்கொடியை வெல்ல அந்த ஊரில் ஆள் இல்லை. சிங்காரவேலு மறுபடி வேலைக்கு வந்தபோதும் அந்த வரிசையை மாற்றவில்லை. மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியுமா?

போன வருஷம் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் பொதுச் சுவர்களிலும் டேங்க்குகளிலும் படம் வரைகிற திட்டம் ஒன்று வந்தது. பெயிண்ட்டும் சாரமும் அரசாங்கத்தில் தருவார்கள். வரைகிறவர் இந்த வட்டாரத்து ஓவியராக இருக்க வேண்டும். என்ன படம் என்பதை ஊர்க்காரர்கள் கூடிப் பேசிச் சொல்ல வேண்டும். தலைவர் படம் கூடாது, சாமி படம் கூடாது, கட்சிக் கொடியின் நிறம்கூடக் கூடாது என்று அதிகாரி எழிலரசன் கூட்டத்தில் சொன்னதும் ஆண்களில் பாதிப்பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது பெரும்பாலும் பெண்கள். கடைசித் தெரு ஜோஸ்பின்தான் முதலில் வாயைத் திறந்தாள். டேங்க்கில் யார் படம் இருக்க வேண்டும் என்று இதில் யோசிக்க என்ன இருக்கிறது, தண்ணீர் கொடுத்தவள் படம்தான் என்றாள். கூட்டம் அத்தோடு முடிந்தது.

தனக்கொடி அன்று கூட்டத்துக்குப் போகவில்லை. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. அரியாங்குப்பத்தில் ஓவியம் படித்த மணிபாரதி என்ற பெண் வீட்டுக்கே வந்து, தன் நோட்டில் போட்ட படத்தைக் காட்டினாள். உள்ளங்கை அளவில் தனக்கொடியின் முகம், சுற்றிலும் ஏரித் தாமரை.

“இவ்ளோதானே? வரைஞ்சிக்கோ போ” என்று சொல்லிவிட்டு, மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் நோட்டு அளவுக்கு வரைந்து வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்குமுன் மணிபாரதி டேங்க்கைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒழுகுகிற சுவரில் பெயிண்ட் ஒட்டாது, முதலில் ஒழுகலை அடைத்துத் தாருங்கள் என்று எழிலரசனிடம் சொன்னாள். ஒன்பது வருஷமாக மேலிருந்து சொட்டிச் சொட்டி ஊரே பழகிப்போயிருந்த ஒழுகல் அது. பத்து நாளில் ஆட்கள் வந்து, பூசி, அடைத்துவிட்டுப் போனார்கள். படத்தால் வயிறு நிறையுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் விழுகிற வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

சாரம் ஏறியது. காற்றுக்கும் வெயிலுக்கும் சுற்றிலும் பச்சை வலை கட்டினார்கள். மணிபாரதிக்கும் கூட வந்த இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு முறைவைத்துப் போனது. திங்கள் ஜோஸ்பின் வீடு, செவ்வாய் பக்கத்து வீடு என்று யாரும் எழுதி வைக்காமலே நடந்தது. தனக்கொடி தன் முறைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அண்ணாந்து பார்த்தால் வலைக்கு நடுவே கால்கள்தான் தெரியும். மேலே என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவும் இல்லை.

இருபதாம் நாள் வலையை அவிழ்த்தார்கள். தண்ணீர் பிடிக்க வந்த தனக்கொடி குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். வானத்தில் அவள் முகம். ஒரு கண்ணே ஒரு ஆள் நீளம். மூக்குத்தி தாம்பாளம் அளவுக்கு இருந்தது. உதடு மூடி, மெல்லச் சிரித்து, ரொம்ப சாந்தமாக இருந்தாள். கழுத்தைச் சுற்றி வளையமாகத் தாமரை. பக்கத்தில் வந்த சிங்காரவேலு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது” என்று சொல்லி நழுவப் பார்த்தார்.

“இன்னா நல்லா கீது? உசுரோட கீறவள மாலையப் போட்டு மேல ஏத்தி வச்சிக்கீறாங்க. நல்லா கீதாம்.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு முகத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டால் மூன்று காரணம்தான் இருக்கும். கட்சியில் பதவி வந்திருக்க வேண்டும், இல்லை மஞ்சள் நீராட்டு விழா, இல்லை கண்ணீர் அஞ்சலி. முதல் இரண்டுக்கும் தனக்கொடிக்கு வழியில்லை. மிச்சம் ஒன்றுதான். தெரியாதவர்கள் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். கண்டக்டர் ஒருவன் “அஞ்சலி ஸ்டாப் எறங்கு” என்று கூவியதாக ஜோஸ்பின் வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனக்கொடிக்கு வரவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பக்கம் வந்தால், பெண்ணுக்குத் தாய் இல்லை என்று நினைக்க மாட்டார்களா?

மறுநாளே எழிலரசனிடம் போனாள். அவர் அவள் பேசி முடிக்கும்வரை கேட்டார். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னார், சம்பந்தப்பட்டவருக்குச் சம்மதம் இல்லையென்றால் படம் நிற்காது, அதுதான் விதி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானே வருகிறேன், படத்துக்குக் கீழே நின்று வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்கே வெள்ளையடித்துவிடலாம். அதுவரை யோசியுங்கள்.

அன்று சாயங்காலம் மணிபாரதி வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. தனியாக வரைந்த முதல் சுவர் இதுதான் என்றும், இதைப் பார்த்துவிட்டுத்தான் வில்லியனூர்ப் பக்கத்து டேங்க்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

“உன் பொழப்புக்கு நான் சாவணுமா?” என்று கேட்டுவிட்டாள் தனக்கொடி.

அந்தப் பெண் விரலிடுக்கில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். படத்தில் தனக்கொடியின் மூக்குத்திக்கு இருந்த அதே மஞ்சள். அதைப் பார்த்ததும் தனக்கொடிக்குத் தன் வாயின் மேலேயே எரிச்சல் வந்தது. உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்தாள். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளைதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிப் பஸ்ஸில் நல்லவாட்டிலிருந்து தையலம்மாள் வந்து இறங்கினாள். இருபது வருஷமாக இந்த ஊருக்குக் கூடையில் மீன் கொண்டுவருகிறவள். தனக்கொடிக்கும் அவளுக்கும் வாரத்தில் மூன்று நாள் சண்டை. முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாக வரவில்லை. அன்றும் கூடை இல்லை. கையில் ரோஜா மாலை இருந்தது. அவள் பேரன் செல்போனில் டேங்க் படத்தைக் காட்டியிருக்கிறான். செல்போனில் அதற்குக் கீழே யாரோ கும்பிடுகிற கைப் பொம்மை போட்டிருந்தார்கள். வேறென்ன வேண்டும்?

டேங்க் அடியில் வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். முட்டி வலியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். குழாயடியில் இருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். விஷயத்தைச் சொல்லி நிறுத்தத்தான் வந்தார்கள். ஆனால் அவள் அழுத அழுகையைக் கேட்டு ஒருத்திக்கும் குறுக்கே பேச வாய் வரவில்லை.

சத்தம் கேட்டுத் தனக்கொடியும் குழம்புக் கரண்டியோடு வந்தாள். யார் போய்விட்டார்கள் என்று கேட்க வாயெடுத்தவளுக்குத் தன் பெயரே காதில் விழுந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

“செவுளப் பிரிச்சிப் பிரிச்சிப் பாப்பியேடி, எம்மா தனக்கொடி… பேரம் பேசி என் உசுர எடுப்பியே… மழையில நனஞ்சி வந்தன்னிக்கி ஒம் பொடவயக் குடுத்தியே, திருப்பிக் கேக்கவே இல்லியே… வெயில்ல வந்தா மொதச் சொம்பு எனக்குத் தருவியே… இனிமே யாருகிட்ட நான் சண்ட போடுவேன்…”

தனக்கொடி கரண்டியைக் கீழே தாழ்த்திக்கொண்டாள். புடவை கொடுத்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. பக்கத்தில் ஜோஸ்பின், அடைத்துப் போன மூக்கோடு, எங்கள் தெருவுக்குக் குடம் முங்க முங்கத் தண்ணீர் வந்தது உன்னால்தானே என்று முணுமுணுத்தாள். மனிதர் செத்த பிறகு சொல்வதை எல்லாம் உயிரோடு நின்று கேட்கிற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? தனக்கொடிக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு நின்று பழக்கமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“யக்கா, கடைசியாக் குடுத்துட்டுப் போன வவ்வாலு மீனு நாறிப்போயிருந்துச்சி. அதையும் சேத்துச் சொல்லி அழு.”

தையலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே இருக்கிற முகத்தைப் பார்த்தாள், கீழே இருக்கிற முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தனக்கொடியின் முதுகில் நாலு அடி நன்றாக வைத்து, அதே கையால் கட்டிக்கொண்டாள். கீழே கிடந்த மாலையை அதற்குள் ஒரு ஆடு பாதி தின்றிருந்தது. அதை யாரும் விரட்டவில்லை. சாவு வீட்டுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது.

சொம்புத் தண்ணீரைக் குடித்து மூச்சு வாங்கிய பிறகு தனக்கொடி கேட்டாள், செல்போனில் பார்த்ததை அப்படியே நம்பிவிடுவதா என்று.

“கும்புடு கையக் கூட நான் நம்பலடி” என்றாள் தையலம்மாள். “இருவது வருசமா வாய மூடிக்கினு ஒன் மூஞ்ச நான் பாத்ததே இல்ல. படத்துல வாய் மூடிக் கீது. சரி, நீ போய்ட்டன்னு நெனச்சேன்.”

குழாயடியே சிரித்தது. மணிபாரதிகூடச் சிரித்தாள். அவள் எப்போது வந்து நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை. பதினோரு மணிக்கு எழிலரசன் வந்தபோது வெள்ளைச் சுண்ணாம்பு வாளியோடு ஒரு ஆளும் வந்தான். தனக்கொடி வாளியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மணிபாரதியைப் பார்த்தாள்.

“சார், வெள்ள வேணாம். அந்தப் பூவக் கழுத்துலேர்ந்து எறக்கிக் கையில குடுக்கச் சொல்லுங்க. வாயத் தொறந்து வுடுங்க. நான் பேசணும்.”

அவிழ்த்த சாரத்தை மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை வலை கட்ட வேண்டாம் என்று தனக்கொடியே சொல்லிவிட்டாள். மூன்று நாள் கீழே நின்று, இன்னும் கொஞ்சம் திற, பல் தெரியட்டும், மேல் வரிசை மட்டும் போதும் என்று கத்திக்கொண்டே இருந்தாள். தாமரை கைக்கு இறங்கியது, கூடவே வால்வு சாவியும் வந்தது. இப்போது பஸ்ஸில் போகிறவர்கள் கும்பிடுவதில்லை. யாரைத் திட்டுகிறாள் என்று எட்டிப் பார்க்கிறார்கள். வில்லியனூர்ப் பக்கத்து டேங்க்கில் மணிபாரதி சாரம் கட்டியாயிற்று. அங்கே யார் முகம் என்று தனக்கொடி கேட்டு வைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர் என்றால் முதலிலேயே வாயைத் திறந்துவிடு என்றும் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மாதம் தையலம்மாள் மறுபடி கூடையோடு வந்தாள். சங்கரா மீன் இருந்தது. விலை சொன்னாள். தனக்கொடி செவுளைப் பிரிக்கவில்லை, மறுபேச்சுப் பேசவில்லை. கேட்ட காசை எடுத்து நீட்டினாள்.

தையலம்மாள் காசை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள். டேங்க்கை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

“ஏன்டி பயமுறுத்துற? கொறச்சிக் கேளு.”