வியாழக்கிழமை மழை

வடமதுரைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் செபாஸ்தியம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஞாயிறு பூசையை விட்டதில்லை, யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு மூன்று மாதமாக பூசையில் நற்கருணை நன்மை வாங்கும் வரிசையில் நிற்கவே கூச்சமாக இருந்தது. காரணம், பக்கத்து வீட்டு முற்றத்தில் கம்பில் கட்டியிருந்த ஒரு சாண் கண்ணாடிக் குழாய்.

அது மழைமானி. திண்டுக்கல்லிலிருந்து வந்த சார்லஸ் சார் கொண்டுவந்தது. பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் காலநிலை மாற்றம் பற்றி அவர் வகுப்பு எடுத்தார். மழை ஏன் மாதக்கணக்கில் ஏய்த்துவிட்டு ஒரே நாளில் கொட்டி மல்லிகை மொட்டுகளையெல்லாம் அழுக வைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் செபாஸ்தியம்மாள் போனாள்.

"சூடு ஏற ஏறக் காத்து நெறைய ஈரத்தப் புடிச்சு வச்சுக்கிரும். விடும்போது மொத்தமா விடும்" என்றார் சார். "ஒரு நாள் மழைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. முப்பது வருசம் விடாம எழுதுனாத்தான் காலநிலை தெரியும்."

எழுதினால் தெரியும்! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை இதெல்லாம் ஆண்டவருக்கு மட்டும் தெரிந்த காரியம் என்றே இருந்தாள்.

"தினமும் காலை எட்டரைக்குப் பாத்து எழுத ஒரு ஆள் வேணும்" என்றார் சார். செபாஸ்தியம்மாளின் கை பாதி தூரம் எழுந்தது. அதற்குள் அன்புக்கரசி எழுந்தேவிட்டாள். கொழுந்தன் பெண்டாட்டி, பக்கத்து வீட்டுக்காரி, எட்டு வயது இளையவள், பத்தாவது பாஸ்.

"அக்காவுக்கு எதுக்கு சார் சிரமம்? கோடெல்லாம் பொடிப் பொடியா இருக்கு, பாக்கத் தெரியணும்ல" என்றாள். மண்டபமே சிரித்தது. மழைமானி அவள் வீட்டுக்குப் போனது.

பொறாமைக்கு ஞான உபதேசத்தில் காய்மகாரம் என்று பெயர். தலையான பாவங்களில் ஒன்று. தெரிந்தேதான் செபாஸ்தியம்மாள் தினமும் எட்டரைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த குட்டிச்சுவர் ஓரம் பாத்திரம் கழுவப் போனாள். கழுவ ஒன்றும் இல்லாத நாளில் கழுவிய சட்டியையே மறுபடி கழுவினாள். கண் குழாயின் கோட்டில் இருக்கும். வியாழக்கிழமை தோறும் அன்புக்கரசி விடியுமுன்பே ஆட்டுக்குட்டியோடு அய்யலூர்ச் சந்தைக்குப் போய்விடுவாள். பதினொரு மணிக்கு வந்து பார்த்து, எட்டரை என்று எழுதுவாள். இதை எந்த ஞாயிறு சாரிடம் சொல்லலாம் என்று செபமாலை உருட்டும்போதுகூட நினைப்பு ஓடும். பிறகு அந்த மணிக்குரிய செபத்தை மறுபடி சொல்வாள்.

ஐப்பசியில் ஒரு புதன் இரவு நல்ல மழை. மறுநாள் காலை, வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் புவனேஸ்வரி, அன்புக்கரசி வீட்டு முற்றத்தில் நுழைந்தாள். ஆள் இல்லை. சிரட்டையைக் கவிழ்த்தாள், பழைய டயரைச் சாய்த்தாள், நேரே மழைமானியிடம் போனாள்.

"இதென்னக்கா குழாயி, இம்புட்டுத் தண்ணி நிக்குது?"

சுவருக்கு இந்தப் பக்கம் செபாஸ்தியம்மாள் கழுவிய சட்டியைக் கீழே வைத்தாள். அவள் ஒரு பாவமும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சார் நோட்டைக் கேட்கும்போது அன்புக்கரசி முழிப்பாள். புவனேஸ்வரியின் கை குழாயைப் பிடித்தது. அப்போதுதான் செபாஸ்தியம்மாளுக்கு உறைத்தது: கொட்டிவிட்டால் எவ்வளவு பெய்தது என்று தனக்கும் தெரியாமல் போய்விடும்.

"ஏய் புவனா, கொட்டிராத!"

"கொசு முட்டை வைக்கும்க்கா."

"வச்சுட்டுப் போகட்டும்டி, செத்த நேரம் பொறு!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தாள். குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். மணி கேட்டாள்; எட்டு முப்பத்தைந்து.

"இப்பக் கொட்டு" என்றாள்.

பதினொரு மணிக்கு அன்புக்கரசி வந்தாள், விற்காத குட்டி பின்னாலேயே வந்தது. காலிக் குழாயைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, அம்புட்டு மழ பேஞ்சுச்சே, ஒரு சொட்டு இல்லையே!"

சுவருக்கு இந்தப் பக்கம் செபாஸ்தியம்மாளுக்கு ஒரு நிமிடம் தித்திப்பாக இருந்தது. அவள் அதை மெல்ல விழுங்கினாள்.

"அம்பத்திரண்டு" என்றாள் பிறகு. "கொசுக்காரப் புள்ள கொட்டுறதுக்கு முந்திப் பாத்தேன்."

"கோடு பாக்கத் தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

"மூணு மாசமா இங்கருந்தே பாக்குறேன். நீ பதினோரு மணிக்கு எட்டரைன்னு எழுதுறதையும் சேத்து."

ஆட்டுக்குட்டி கத்தியது. அன்புக்கரசி குரலை இறக்கினாள். "சார்ட்ட சொல்லிருவீங்களாக்கா?"

"வியாழக்கெழமை நான் எழுதுறேன்."

"அம்புட்டுத்தானா?" என்று சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துவந்து சுவர்மேல் வைத்தாள் அன்புக்கரசி.

செபாஸ்தியம்மாள் பேனாவை அழுத்திப் பிடித்து 52 என்று எழுதினாள். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் மேலே ஆறு வரி, முத்து முத்தாக ஓரகத்தியின் எழுத்து. முப்பது வருசம் முடியும்போது தனக்கு எழுபத்தேழு, இவளுக்கு அறுபத்தொன்பதுதான். அதையும் கணக்குப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் மேகம் திரண்டது; விடிந்தால் அவள் எழுதும் நாள். செபாஸ்தியம்மாள் அந்தோணியார் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டாள். "இன்னிக்கு நல்லாப் பெய்யட்டும், புனிதரே" என்று வேண்டினாள். எழுந்து இரண்டடி போனவள், திரும்பி வந்தாள்.

"மத்த நாளும் பெய்யட்டும்" என்றாள். "கொஞ்சமா."