எதிர்க் கம்பெனி மிக்சியும் என் வேலையும்

மிக்சி விற்கப் போகிறவளுக்கு வாய்ச் சாமர்த்தியத்துக்கு முன்னால் முழங்கால் பலம் வேண்டும். மாடி மாடியாய் ஏறி, "வேண்டாம்மா" என்ற ஒற்றைச் சொல்லோடு இறங்கியவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளில் நான் விற்ற மிக்சிக்கும் எதிர்க் கம்பெனி மிக்சிக்கும் விலை ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு டி.வி. விளம்பரம் இருந்தது, இலவச டிபன் கேரியர் இருந்தது. எங்களுக்கு இருந்தது நான் மட்டும்தான். அந்த மாதத்துக்குள் ஐந்து மிக்சி விற்காவிட்டால் வேலை இல்லை என்று மானேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

டி.வி.யில் வராத மிக்சி

அடையாறில் ஒரு வீட்டில் தேங்காய்ச் சட்னி, மஞ்சள் கிழங்கு எல்லாம் அரைத்துக் காட்டினேன். சட்னி அபாரம் என்று தொட்டு நக்கிவிட்டு அந்த அம்மாள் சொன்னார்:

"எல்லாம் சரிம்மா, டி.வி.யில வராத மிக்சிய எப்படி நம்பி வாங்குறது?"

பூண்டு அரைத்த ஜார்

எப்படியோ மூன்று விற்றிருந்தேன். மயிலாப்பூரில் ஒரு மாமி, ஜாரை மூக்கருகே கொண்டுபோய், இதற்கு முன் இதில் என்ன அரைத்தாய் என்றார். காலையில் வேறொரு வீட்டில் பூண்டுச் சட்னி அரைத்ததை, பொய் வராமல், சொல்லித் தொலைத்தேன். போச்சு என்று பையைக் கட்டினேன்.

"நெஜத்தைச் சொன்னியே, அதுக்கே வாங்கிக்கறேன். நாளைக்குப் புது ஜாரோட வா, உளுந்து நனைச்சு வெச்சுண்டு காத்துண்டிருக்கேன்."

இட்லிக் கடை அக்கா

கடைசி நாள், பாக்கி ஒன்று. தி.நகர்ச் சந்தில், வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்த அக்கா, மிக்சிப் பையோடு போன என்னைக் கூப்பிட்டார். சட்னி பாதியில் மிக்சி நின்றுவிட்டதாம். பார்த்தால் எதிர்க் கம்பெனி மிக்சி! பேசாமல் நடந்திருக்கலாம், பசியோடு நின்ற கூட்டத்தைப் பார்த்து மனசு கேட்கவில்லை. சூடேறினால் இந்த மிக்சிகள் தானாக நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டு, அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. அக்கா என் பையைப் பார்த்தார்.

"அவன் குடுத்த கேரியரு சோக்காதான் கீது. மிக்சி நின்னா கேரியரா வந்து பாக்கும்? நீதானே பாத்த! என் தங்கச்சி கல்யாணத்துக்கு உன் மிக்சி ஒண்ணு குடு."

நான் ஐந்தையும் விற்றது என் பேச்சுத் திறமையால்தான் என்று மானேஜர் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார். எதிரியின் மிக்சிக்கு வைத்தியம் பார்த்ததை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.