கட்டம் கட்டமாகச் சிரித்த மணப்பெண்

போன வாரம் கரியாலூரில் தூறலுக்கு ஒதுங்கி நின்றபோது ஒரு ஜீப் எனக்கு முன்னால் வந்து நின்றது. சாரல் உள்ளே அடிக்காமலிருக்க அதன் பின்பக்கத்தில் ஒரு பழைய ஃபிளெக்ஸைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் பழுப்பும் வெள்ளையுமாக வெறும் சதுரங்கள். பக்கத்தில் நின்றவர், ஏதோ டைல்ஸ் கடை விளம்பரம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஒரு கல்யாணப் பெண்ணின் முகம். அதை அப்படி ஆக்கியவளே நான்தான்.

கள்ளக்குறிச்சியில் பேனர் அச்சிடும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெள்ளிமலை ஜீப்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் பத்தடி பேனர் கேட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். திரையில் சிறிதாகப் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. பெரிதாக்கிப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். படம் என்பது எண்ணி வைத்த புள்ளிகள். அதைத்தான் பிக்சல் என்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும்போதே அதில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். ஒரு கரண்டி மாவை ஊரளவுக் கல்லில் தேய்த்தால் தோசையா வரும்?

பேனரை விரித்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை முகூர்த்தம். "இன்னாம்மா இது, எம்பொண்ணு மூஞ்சில கட்டம் போட்டு வச்சிருக்கறீங்க?" என் வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட, அவர் நின்ற நிலைதான் எனக்குத் தாங்கவில்லை. படம் எடுத்த போனையே கொண்டுவந்தால் இன்றைக்கே மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன். உடனே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு மலையேறிப் போனார்.

நலங்கு வைத்த பெண் வாசற்படி தாண்டக் கூடாது என்பார்கள். கடை மூடும் நேரத்தில் மஞ்சள் பூசிய முகத்தோடு அந்தப் பெண்ணே ஜீப்பிலிருந்து இறங்கினாள், காதில் போனோடு. "போனக் குடுடின்னா, மாப்பிளகிட்ட பேசிக்கினு கீறேன், தரமாட்டேன்னுட்டா. அதான் பொண்ணையே ஏத்திக்கினு வந்துட்டேங்க" என்றார் ஜீப்காரர். கடையே சிரித்தது. கேபிள் போட்டுப் படத்தை எடுத்தோம்; இமைமுடியைக்கூட எண்ணலாம் போலிருந்தது. புதிய பேனரைக் கொடுத்துவிட்டுப் பழையதைக் குப்பைக்குச் சுருட்டினேன். "எம்பொண்ணு மூஞ்சிங்க அது" என்று பிடுங்கிக்கொண்டார். அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்துத்தான் ஜீப்புக்குத் திரையாக்கியிருக்கிறார்.

தூறல் விட்டதும் ஜீப் கிளம்பியது. பத்தடி தள்ளிப் போனதும் சதுரங்கள் கன்னமாயின. வளைவை நெருங்குவதற்குள் மூக்குத்தியோடு ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அட, பொண்ணு!" என்றார் பக்கத்தில் நின்றவர். அன்றைக்கு எங்களில் யாராவது தெருவுக்குப் போய்த் தள்ளி நின்று அந்தப் பேனரைப் பார்த்திருக்கலாம்.