ராமுத்தாயும் தரக்கூலியும்

மயிலாடும்பாறை ராமுத்தாயை அடக்கமானவள் என்று யாரும் சொன்னதில்லை. மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு அல்லிநகரத்துக்குக் குடிவந்தவள். புருஷன் சுருளியாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்குவான். முப்பது வயதுக்குள் களையெடுப்பு, பருத்தி எடுப்பு, செங்கல் சூளை எல்லாம் பார்த்துவிட்டு, 1943இல் பட்டாளத்துக்கு வலை கட்ட வந்தாள்.

போடி ரயிலின் தண்டவாளத்தைப் போருக்கென்று பெயர்த்துக்கொண்டு போன மறுவருடம் அது. அல்லிநகரத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியை ராணுவம் வாடகைக்கு எடுத்து, பீரங்கிகளை மூடி மறைக்கும் வலைகளைக் கட்ட நாற்பது பெண்களை வைத்திருந்தது. சீருடையும் இல்லை, பென்ஷனும் இல்லை, தினக்கூலிதான். பர்மாவிலிருந்து நடந்து வந்து, கல்கத்தா, கொழும்பு என்று சுற்றித் திரும்பியிருந்த எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால், அங்கே பொறுப்பிலிருந்த கேப்டனுக்கு மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. பெண்கள் என்னைப் ‘பர்மாக்காரி’ என்றார்கள்.

வலையை மூங்கில் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டியிருப்பார்கள். பின்னால் நிற்பவள் சாயமேற்றிய சாக்குக் கீற்றைக் கண்ணி வழியாகத் தள்ளுவாள். முன்னால் நிற்பவள் இழுத்து முடிச்சுப் போடுவாள். ராமுத்தாய்க்கு முன்பக்கம், இருளம்மாளுக்குப் பின்பக்கம். பருத்தி அரைக்கும் மில்லில் வலக்கையின் இரண்டு விரலைப் பறிகொடுத்தவள் இருளம்மாள். முடிச்சுப் போட வராது. ஆனால் எந்தக் கண்ணிக்குப் பச்சை, எதற்குக் காவி என்பதில் அவள் கண் தப்பாது. அவள் கீற்றுக் கொடுத்த வலையைக் கரட்டுக் குன்றின் அடியில் விரித்தால், இருபதடி தள்ளி நிற்பவனுக்குக் கரடு மட்டும்தான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் சின்னப்பராஜ் புது உத்தரவைப் படித்தார். இனி தினக்கூலி இல்லை. திறமைக்கேற்ற தரக்கூலி. முடிச்சை எண்ணி மூன்று தரம் பிரிக்கப்படும். தொடர்ந்து மூன்று வாரம் மூன்றாம் தரத்தில் இருந்தால் பெயர் நீக்கப்படும்.

“நம்மள்ல பெரிய தெறமக்காரி யாருன்னு பாத்துருவோம்” என்றார் உற்சாகமாக.

“அந்தப் பேரு எனக்கு வேணாம்யா. எம் மாமியா ஏற்கெனவே அப்படிச் சொல்லித்தான் ஏசுது” என்றாள் ராமுத்தாய். கிட்டங்கி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “பின்னால நிக்கிறவளுக்கு எதை எண்ணுவீக?”

“எண்ண என்ன இருக்கு? கீத்தத் தள்ளுறது ஒரு வேலையா? மூணாந்தரந்தான்.”

“ஒங்களுக்கு யாருய்யா தரம் போடுறாக? ஒரு முடிச்சுப் போட்டும் நாங்க பாக்கலையே!”

“கேப்டன் போடுவாரு.”

“அவருக்கு?”

சின்னப்பராஜ் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் போயிற்று. ராமுத்தாய் முதல் தரம், இருளம்மாள் மூன்றாம் தரம். மூன்றாவது வாரத்து வியாழக்கிழமை இருளம்மாள் மெதுவாகச் சொன்னாள்: “எனக்காக வம்பு பண்ணாத ஆத்தா. நா பருத்திக்காட்டுக்குப் போயிக்கிறேன்.”

“இந்தக் கைய வச்சுக்கிட்டா? பேசாம நாளைக்கு வெளிய வேப்பமரத்தடியில போயி ஒக்காரு. பின்னால நிக்கிற அத்தன பேரையும் கூட்டிக்க.”

வெள்ளிக்கிழமை சட்டங்களுக்குப் பின்னால் ஒருத்தியும் இல்லை. சின்னப்பராஜ் பதறினார். “கீத்த யாரு தள்ளுறது?”

“அது வேலை இல்லன்னு சொன்னீகளே” என்றாள் ராமுத்தாய். “நாங்களே தள்ளிக்கிறோம்.”

பின்னால் போய் ஒரு கீற்றைத் தள்ளினாள். சட்டத்தைச் சுற்றி முன்னால் வந்தாள். இழுத்தாள், முடிச்சுப் போட்டாள். மறுபடி சுற்றிப் பின்னால் போனாள். மற்ற பத்தொன்பது பேரும் அதையே செய்தார்கள். கிட்டங்கி முழுக்கப் பெண்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“எத்தன சுத்துங்கய்யா?” என்று அவர்களில் ஒருத்தியான கருத்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “நூத்தியெட்டுச் சுத்துனா வெள்ளக்காரன் ஜெயிச்சிருவானா?”

மறுநாள் காலை கரிவாயுவில் ஓடும் லாரி பத்து வலைகளோடு மதுரைக்குக் கிளம்ப வேண்டும். மத்தியானம் வரை ஒரு வலைகூட முழுதாகவில்லை. கட்டிய பாதியும் பச்சையும் காவியும் பட்டை பட்டையாக, லுங்கிபோல் இருந்தது.

கேப்டன் ஜீப்பில் வந்தார். வலையைப் பார்த்தார், வேப்பமரத்தடியைப் பார்த்தார். அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்: “நீ முதல் தரம். உனக்கு என்ன குறை?”

“இவ இல்லாம நா போட்ட முடிச்சப் பாத்தீகள்ல? நானும் மூணாந்தரந்தான். எழுதிக்கிருங்க.”

கேப்டன் யோசித்தார். இனி ஆளுக்கு ஒரு தரம் இல்லை, ஒரு சட்டத்தில் நிற்கும் இருவருக்கும் ஒரே தரம் என்றார். மரத்தடியிலிருந்த பெண்கள் எழுந்தார்கள். அவர் கையை உயர்த்தினார். வேலையைக் கெடுத்ததற்காக ராமுத்தாய்க்கு மட்டும் மூன்று வாரம் மூன்றாம் தரம் என்றார்.

ராமுத்தாய் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். “ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னு இப்பத்தான சொன்னாக? அப்ப மூணு வாரத்துல ரெண்டு பேரும் வெளிய போயிருவோம். இந்தக் கரட்டு வலைய யாரு கட்டுவான்னு தொரையக் கேளு.”

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் என்னைத்தான் முறைத்தார். ஜீப்பில் ஏறிப் போனார்.

சனிக்கிழமை பட்டியல் வாசிக்கப்பட்டது. இருளம்மாள் பெயர் நீங்கவில்லை. ராமுத்தாய், இருளம்மாள் இருவரும் இரண்டாம் தரம்.

இருளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராமுத்தாய் என் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டாந்தரத்துக்கு ஒரு நாளைக்கு எத்தன முடிச்சுன்னு கேட்டு வா, பர்மாக்காரி.”

கேட்டு வந்தேன். எண்ணூறு.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு எண்ணூறாவது முடிச்சு விழுந்தது. பாதி வலை வெறுங்கண்ணியாகத் தொங்கியது. இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்கள். சின்னப்பராஜ் வந்து எதிரே நின்றார்.

“ஒக்காருங்கய்யா” என்று ராமுத்தாய் நகர்ந்து இடம் விட்டாள். “வேல விடுற அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கெடக்கு.”