அக்கா சொன்ன வசனம்

பேருந்து வரத் தாமதமானதற்கு என் பேத்தி, “அனாயிங் லா” என்று முணுமுணுத்தாள். ‘அனாய்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது, அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று.

அப்போது பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். கூடமெங்கும் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காயின் மணம். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிளார்க். அவருடைய தாய் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர், ஆங்கிலம் அறியாதவர். ஆனால் கான்வென்டில் படித்த அக்காவின் ஆங்கிலத்தைச் சோதிக்க வேண்டும் என்று மகனைத் தூண்டிக்கொண்டே இருந்தார்.

“இன்னும் கேள் தம்பி.”

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். கடைசியில், “‘அனாய்’ என்ற சொல்லை ஒரு வசனத்தில வைச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

உங்கள் கேள்விகள் என்னை அனாய் செய்கின்றன என்று அக்கா ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவர் முகம் கறுத்தது.

“என்னவாம்?” என்றார் தாய்.

“உங்களைக் கண்டதில சந்தோஷமாம், அம்மா” என்றார் மாப்பிள்ளை.

தாய் மகிழ்ந்துபோய், ஒரு ஜாதிக்காய்த் துண்டை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

அவர்கள் போனதும் ஐயா கேட்டார். “வந்தவையிட்ட கோபத்தைக் காட்டலாமோ பிள்ளை?”

“கோபமில்லை, ஐயா. அனாய் எண்டால் எரிச்சல் மட்டும்தான். கோபமெண்டால் எழும்பிப் போயிருப்பன்.” கையிலிருந்த ஜாதிக்காய்த் துண்டைக் கடித்தபடி சொன்னாள். “அவருக்கே சம்மதம் சொல்லுங்கோ.”

கலியாணத்துக்குப் பிறகு அக்கா மாமியோடு ஒரே வீட்டில் பல வருடம் இருந்தாள். எரிச்சல் வந்தால் அவள் ஆங்கிலத்துக்கு மாறுவாள்; அத்தானுக்கு மொழிபெயர்ப்பு வேலை ஓயவே இல்லை.